பெயரிழந்த படங்கள்



காரைக்குடி முனீசுவரன் கோயில் வீதிப் பழம்பொருட் கடைகளில், தலைப்பாகையுங் கடுக்கனும் அணிந்த கனவான்களின் தைலவர்ணப் படங்கள் சுவரிற் சாத்தி வைக்கப்பட்டிருத்தலைக் கண்டிருப்பீர்கள். வாங்க வருவோர் சட்டத்தின் மரத்தைத் தடவிப் பார்க்கின்றனர். இவர் யாரென வினவுவாரில்லை. கடைக்காரரைக் குறைகூறுவதற்கில்லை, விற்றவர் நம்மவரே.

இரவிவர்மா (1848–1906) புகழ்பெறச் செய்த இவ்வோவியமுறையில், ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வர்ணம் 100 ஆண்டு கடந்தும் முகத்தொளியைக் காக்கும், பெயரைக் காவாது. பங்காளிகள் பாகம் பிரிக்கையில் தேக்கந்தூணுக்கும் விலையுண்டு. பாட்டையாவோ எவர் பங்கிலுஞ் சேர்வதில்லை.

ஆதலின் ஊர், கோயில், விலாசம், பெயர் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிப் பின்புறச் சட்டத்தில் ஒட்டிவைத்தல் வேண்டும். துணியின்மேல் எழுதலாகாது, மை முன்புறம் ஊறிவிடும். வரும் படைப்புக்குப் பங்காளிகள் கூடும்பொழுதே, முகமறிந்த மூத்த ஆச்சிமாரைப் படத்தினருகே அழைத்துச்சென்று கேட்டுக்கொள்ளுங்கள்.