மேலும் கீழும்: ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் நிறையும் குறையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யான் மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே பயின்ற இரயில்வே எழுத்தன். திரைப்படக் கலையை ஆராயும் புலமை எனக்கில்லை. எனினும், அண்மையில் என் மகனோடு வீட்டில் கண்ட பழைய படம் ஒன்று என் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது. அதனாற்றான் பேசத் துணிந்தேன்.

படத்தின் பெயர் ‘மெட்ரோபோலிஸ்’. பிரிட்ஸ் லாங் என்பவர் ஜெர்மனியில் எடுத்த ஊமைப்படம், 1927-இல் வெளிவந்தது. அது காட்டுவது வருங்கால நகரம் ஒன்றை. மேலே வானளாவிய மாளிகைகள், பூங்காக்கள், கீழே எந்திரங்கள், அவற்றுக்கும் கீழே, கதிரவனைக் காணாத தொழிலாளர் குடியிருப்பு.

முதலில் நிறையைச் சொல்வேன். வேலை மாறும் நேரம். தலை கவிழ்ந்த ஆடவர் வரிசை வரிசையாகக் கூண்டேறிக் கீழே இறங்குகின்றனர். தங்கவயலிற் பிறந்த எவருக்கும் அக்காட்சி புதிதன்று. நம் சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. மேலே மின்னும் ஒளிக்குக் கீழே எவர் உழைக்கின்றனர் என்னும் கேள்வியை, ஒரு சொல்லும் பேசாமலே அப்படம் கேட்டுவிடுகிறது. அது அதன் பெருஞ்சிறப்பு.

இனிக் குறை. மரியா என்னும் நல்லாளின் உருவில் எந்திரப் பெண்ணொருத்தி செய்யப்படுகிறாள். அவள் பேச்சில் மயங்கிய தொழிலாளர், தம் பிள்ளைகளையும் மறந்து எந்திரத்தை உடைக்கின்றனர். வெள்ளம் அவர்தம் குடியிருப்பிலேயே புகுகிறது. பிள்ளைகளைக் காப்பவருள் ஒருவன் ஆள்வோனின் மகன். இறுதியில் அவனே தந்தையின் கையையும் தொழிலாளர் தலைவனின் கையையும் இணைக்கிறான். தலைக்கும் கைக்கும் இடையே இதயம் வேண்டுமாம்.

கேட்க இனிமைதான். ஆனால் மறுநாட் காலையில் அதே கூண்டில் இறங்கப் போகிறவர் யார்? வேலை நேரம் குறைந்ததா? கூலி உயர்ந்ததா? படம் வாய் திறக்கவில்லை. அம்முடிவு தமக்கே நிறைவளிக்கவில்லை என்று பிரிட்ஸ் லாங் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அதை எனக்குக் காட்டியவன் என் மகன். “அப்பா, தாத்தாவும் இவர்களைப் போலத்தான் இருந்தாரா?” என்றான். என் தந்தை சுரங்கத் தொழிலாளி. இரவு வேலை முடிந்து வந்தாலும், எழுத்தறியாத அண்டை வீட்டாருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டிய பின்னரே உறங்குவார். கூண்டில் தலை கவிழ்ந்திருக்கலாம். அத்தலைக்குள் சிந்தனை இருந்தது. படத்தில் வரும் தொழிலாளருக்கு அது இல்லை. கை என்றால் கை மட்டுமே!

1930-இல் இவ்வயலில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். கைரேகை பதிய வேண்டும் என்னும் விதியை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை எழுப்ப எந்திரப் பெண்ணும் வரவில்லை. முதலாளியின் மகனும் வரவில்லை. கைரேகை கேட்டவர்கள் கைக்குப் பின்னே தலை இருப்பதைக் கண்டனர்.

மற்றொன்றையும் அப்படம் எண்ணவில்லை. மேலே இருப்பவர்களே எந்திரத்தை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் இருள் பிரியுமுன் பெங்களூர் வண்டி ஏறுகின்றனர், இரவில் திரும்புகின்றனர். பயணச்சீட்டு கொடுக்கும் பலகணி வழியே நாள்தோறும் அம்முகங்களைக் காண்கிறேன். கூண்டு போயிற்று; இரயில் வந்தது; மேலும் கீழும் மட்டும் மாறவில்லை.

வெட்டிக் குறைக்கப்பட்ட அப்படத்தின் ஏறத்தாழ முழுமையான படி, 2008-இல் அர்ஜென்டினா நாட்டில் அகப்பட்டது. நம் முதியோர் நெஞ்சில் உள்ள கதைக்கோ வேறு படி கிடையாது. ஆகவே இளைஞர்களே, இன்றிரவே பாட்டனார் அருகில் அமர்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். ‘தாத்தா எப்படி இருந்தார்?’ என்று நாளைய பிள்ளை கேட்டால், விடை நம் கையெழுத்தில் இருக்கட்டும்.