ஓட்டத்திற்குத் துணையாகும் இசை

மட்டக்களப்புக் கல்லடியில் விடியற்காலையில் ஓடிப் பயிலும் இளைஞர் சிலருடைய செவிகளில் சிறு கருவியொன்று பாடிக்கொண்டிருக்கும். முதியோர் இதனைப் புதுமையென்று நகைப்பர். கருவி புதிதுதான். 1979இல் ஜப்பானியரின் சோனி நிறுவனம் 'வாக்மன்' என்னும் ஒலிநாடாக் கருவியை விற்பனைக்கு விடுத்த பின்னர், இசை மனிதன் இடுப்பிலே தொங்கிக்கொண்டு அவனோடு ஓடத் தொடங்கிற்று.

ஆயின், உழைக்கும் உடலுக்கு இசையைத் துணையாக்கும் வழக்கம் இக்கரைக்குப் பழையது. கரைவலை இழுப்போர் அம்பாப் பாடுவர். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். ஏனையோர் அதனைத் தொடர்ந்து பாடி, அத்தாளத்திற்கே கால் பெயர்த்துக் கயிற்றை இழுப்பர். பலருடைய வலிமை ஒரே கணத்தில் ஒன்றுசேர வேண்டுமன்றோ! எதியோப்பிய வீரர் ஹெய்லி கெப்ரசெலாசி 1998இல் பர்மிங்காம் உள்ளரங்கில் 2000 மீற்றர் ஓட்டத்தில் உலக சாதனை நாட்டியபோது, தம் காலடிக்கு இசைந்த பாட்டொன்றை ஒலிக்கச் செய்தே ஓடினார்.

எனினும், அம்பாவின் வேகத்தைப் பாடுவோரின் மூச்சே அளந்தது. வலை கனத்தால் பாட்டும் தளரும். கருவியோ, ஓடுபவன் இளைப்பதை அறியாது. அவன் செவியையும் அடைத்துவிடும். பின்னால் வரும் பஸ்ஸின் ஓசை கேளாதொழிவது சிறு இழப்பன்று. ஒலியைத் தாழ்த்தி, ஒரு செவியையேனும் திறந்து வைத்தல் வேண்டும். வாரத்திற்கு 40 மணிநேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை.

பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்து மீன்பாட்டுக் கேட்பது இவ்வூரார் வழக்கம். ஓடுகிறவனுக்கு அது எப்படியும் கேளாது.