பத்திரத்தில் ஒரு வரி



பணி ஓய்வு பெற்றதும் நம்மில் பலர் வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிவிடுகிறோம். உயிலை உயிருள்ளவரை மாற்றலாம். பதிவான செட்டில்மெண்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது.

இங்கே துணை நிற்பது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. 60 வயது நிறைந்தவர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் கைவிட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கக் கோரலாம். ஆனால், அப்படியொரு நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே, "அன்பினால் எழுதிக் கொடுத்தேன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். உணவு, மருத்துவம், இருப்பிடம் தர வேண்டும் என்பதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். ஆயுள் முழுதும் அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் சேருங்கள்.

மாற்றுத்திறனுள்ள பிள்ளையின் எதிர்காலம் பற்றிய கவலை உள்ளவர்கள், 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி தனியார் அறக்கட்டளை அமைக்கலாம். சொத்தைப் பொறுப்பாளர் நிர்வகிப்பார். பலன் பிள்ளைக்குச் சேரும். வீடு, நிலத்தை வாழும்போதே அதில் சேர்ப்பதானால் ஆவணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

பிள்ளைகளோடு இணக்கமாக இருக்கும்போதே அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள். பிணக்கு வந்தபின் கேட்டால் கிடைக்காது.