பேதியில் வாடும் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

(ஊர் அங்கன்வாடி மையத்தில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



வேலை வெட்டியை முடித்துவிட்டு, அடுப்பு வேலையையும் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். இன்று ஒரே ஒரு விஷயம்தான் பேசப்போகிறேன். கைக்குழந்தைக்கும், தவழுகிற, நடை பழகுகிற பிள்ளைக்கும் பேதி ஆனால் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

"இதென்ன பெரிய விஷயம், பிள்ளைன்னா வயித்தாலே போகத்தானே செய்யும்" என்று நினைக்கலாம். என் வீட்டுக் கதையை முதலில் சொல்கிறேன். அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

1975-ஆம் ஆண்டு. எனக்கு ஆறு வயது. என் தம்பிக்குப் பதினொரு மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய நேரம். கோடைக்காலத்தில் ஒரு நாள் அவனுக்குப் பேதி கண்டது. எங்கள் அப்பாயி கெட்டவர் இல்லை. ஏழு பிள்ளை பெற்றவர், தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்: "உள்ளே போறதை நிறுத்தினாத்தான் வெளியே வர்றது நிக்கும். தண்ணி காட்டாதே. வயித்தைக் காயப் போடு." அம்மா அப்படியே செய்தார். தாய்ப்பாலையும் நிறுத்தினார். தம்பி தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான். செம்பை எடுத்து மறைத்து வைத்தார்கள். மறுநாள் அழுகை நின்றது. பேதியும் குறைந்தது. "குணமாயிட்டுது" என்று எல்லோரும் சொன்னார்கள். வெளியே போக உடம்பில் தண்ணீரே மிச்சமில்லை, அதனால்தான் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று இரவு அவன் போய்விட்டான்.

பிற்காலத்தில் நான் இந்த வேலைக்குப் படித்து வந்தபோது, வீட்டில் அம்மாவுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கலந்து காட்டினேன். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இவ்வளவுதானாடா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் ஊர் ஊராகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேதி ஏன் ஆளைச் சாய்க்கிறது?

பேதியில் போவது வெறும் மலம் அல்ல. தண்ணீரும் உப்பும் போகின்றன. பெரியவர் உடம்பு ஏரி மாதிரி. கொஞ்சம் போனாலும் தாங்கும். குழந்தை உடம்பு சின்னக் குட்டை மாதிரி. ஒரே நாளில் வற்றிவிடும். தென்னங்கன்று வாடினால் தண்ணீர் விடுவோமா, இருக்கிற தண்ணீரையும் நிறுத்துவோமா? பிள்ளையும் அப்படித்தான்.

சில வீடுகளில் "உச்சி விழுந்திருச்சு" என்று சொல்லி உச்சிக்குழியில் எண்ணெய் வைப்பார்கள். பேதியான பிள்ளைக்கு உச்சிக்குழி உள்ளே போயிருந்தால், உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். எண்ணெயை மேலே வைப்பதால் உள்ளே தண்ணீர் ஏறாது. அந்த அடையாளத்தைக் கண்டுபிடித்த பாட்டியின் கண்ணுக்குக் கும்பிடு போடுகிறேன். ஆனால் கண்டதும் செய்ய வேண்டியது வேறு: கரைசல் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

கரைசல் எப்படி வேலை செய்கிறது?

பேதி நேரத்தில் குடல் வெறும் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்து போனால், அவை இரண்டும் தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு உள்ளே போகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் இருப்பது இந்த ரகசியம்தான்.

1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காள எல்லையில் பாங்கான் என்ற ஊரில் இருந்த அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் பாட்டில்கள் தீரும் நிலை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 100 பேரில் 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு 100-க்கு 4-க்கும் கீழே வந்தது. கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல. உங்களைப் போன்ற அம்மா, அப்பா, அண்ணன், அக்கா.

1971-இல் அந்த முகாமில் தெரிந்தது. 1975-இல் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. இன்று உங்கள் வீட்டுக்குள் வந்து சேர வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒன்று. பேதி தொடங்கியதுமே கரைசலைத் தொடங்குங்கள். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பாக்கெட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். காய்ச்சி ஆறிய தண்ணீரில் பாக்கெட் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்குங்கள். "இப்போ பாதி, நாளைக்குப் பாதி" வேண்டாம். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிவிடும், அது ஆபத்து. தண்ணீர் கூடினால் பலன் குறையும். கலக்கிய கரைசலை மூடி வையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

பாக்கெட் கைவசம் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. இது பாக்கெட் கிடைக்கும்வரை கை கொடுக்கும். உப்பு அதைவிட ஒரு சிட்டிகைகூடக் கூட வேண்டாம்.

இரண்டு. ஒவ்வொரு தடவை பேதி போன பிறகும், இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை, அதாவது 50 முதல் 100 மில்லி. இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200 மில்லி. மடமடவென்று ஊற்றாதீர்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று பொறுமையாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பயந்து நிறுத்திவிட வேண்டாம். பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள்.

மூன்று. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குச் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. குழைந்த பருப்புச் சாதம், தயிர்ச் சாதம், இட்லி, மசித்த வாழைப்பழம், உருளைக்கிழங்கு எல்லாம் கொடுக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். பேதி நின்ற பிறகு இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். இழந்த எடையைப் பிள்ளை பிடித்துவிடும்.

நான்கு. துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க் மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருவார்கள். இரண்டு மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 10 மில்லிகிராம், அதாவது 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதி; கரைக்கத் தாய்ப்பால் போதும். ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், முழு மாத்திரை. தாய்ப்பாலிலோ காய்ச்சி ஆறிய தண்ணீரிலோ ஒரு ஸ்பூனில் கரைத்துக் கொடுக்கலாம். தினம் ஒரு வேளை, 14 நாள். "பேதி மூணாம் நாளே நின்னுடுச்சே" என்று மாத்திரையை மாடத்தில் போட்டுவிடாதீர்கள். 14 நாளும் கொடுத்தால்தான் அடுத்து வரும் பேதியும் தள்ளிப்போகும்.

ஐந்து. பேதியைக் கட்டிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். சோடா, கலர், டீ வேண்டாம். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் அட்டை டப்பாக்களில் வந்த இனிப்புப் பானங்களையும் நம்ப வேண்டாம். அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடை போட்டது. விளக்கெண்ணெய், சூடு போடுவது, தொக்கம் எடுப்பது எதுவும் வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

இந்த அடையாளங்களை அம்மாவும் அப்பாவும் இருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்:

- பிள்ளை துவண்டு கிடக்கிறது, எழுப்பினாலும் சரியாக முழிக்கவில்லை.
- பால் குடிக்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது.
- கண்ணும் உச்சிக்குழியும் உள்ளே போயிருக்கின்றன. அழுதால் கண்ணீர் வரவில்லை.
- வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது.
- ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை.
- மலத்தில் ரத்தம், அல்லது கடும் காய்ச்சல்.
- இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பேதி.

இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். வழியெல்லாம் கரைசலை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள். துவண்டு கிடந்து விழுங்க முடியாத பிள்ளைக்கு மட்டும் வாயில் ஊற்ற வேண்டாம், புரை ஏறிவிடும்.

ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "ஐயா, எம்புள்ளைக்கு ரெண்டு மாசம். பால் குடிச்சதும் மஞ்சளா, தண்ணியாப் போறான். இதுவும் பேதியா?" தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை பால் குடித்ததும் மஞ்சளாக, இளக்கமாகப் போவது இயல்பு. எடை ஏறுகிறது, சிரிக்கிறது, நன்றாகக் குடிக்கிறது என்றால் கவலை இல்லை. வழக்கத்தைவிடத் தண்ணீராக, பல தடவை போனால்தான் பேதி. "பல் முளைக்குது, அதான் பேதி" என்பதும் சரியல்ல. பல் முளைக்கிற வயதில் பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். கிருமி அந்த வழியாகத்தான் போகிறது.

வராமல் தடுக்க

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். கோடையிலும் தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. புட்டிப்பால் ரப்பரில் கிருமி குடியிருக்கும். வேறு பால் கொடுக்க நேர்ந்தால் கிண்ணமும் ஸ்பூனும் போதும்.

பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், ஊட்டுவதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். "பச்சைப் புள்ள மலத்துல என்ன இருக்கு" என்று வாசலில் வீசுகிறோம். அதிலும் கிருமி உண்டு, கழிப்பறையில் போடுங்கள். குடிநீரைக் காய்ச்சி மூடி வைத்து, கைபிடி உள்ள மொண்டையால் எடுங்கள். காலையில் பிசைந்த சாதத்தைச் சாயங்காலம் ஊட்டாதீர்கள்.

பேதி உண்டாக்கும் ரோட்டா கிருமிக்குத் தடுப்பு மருந்து உண்டு. தமிழ்நாட்டில் 2017 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. 6, 10, 14-ஆவது வாரங்களில் வாயில் விடுவார்கள். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசியும், வைட்டமின் ஏ திரவமும் தவறாமல் போட வேண்டும்.

தகப்பனார்களுக்கு ஒரு வார்த்தை

"புள்ள வளர்ப்பு பொம்பளை வேலை" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் கொடுக்க ஒருத்தியால் மட்டும் முடியாது. முறை வைத்துக்கொள்ளுங்கள். கரைசல் கலக்க நீங்களும் பழகுங்கள். "தண்ணி கொடுக்காதே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் மருமகள் எதிர்த்துப் பேச முடியாது. மகன் பேசலாம். "அம்மா, நீங்க சொல்றது அக்கறையிலேதான். ஆனா டாக்டர் கொடுக்கச் சொல்லியிருக்காங்க, நானே கொடுக்கிறேன்" என்று பக்குவமாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அன்று அப்படிச் சொல்ல ஆள் இருந்திருந்தால் எனக்கு இன்று ஒரு தம்பி இருந்திருப்பான்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று வீட்டுக்குப் போகும்போது கிராம சுகாதார செவிலியரிடம் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இலவசமாக வாங்கிக்கொண்டு போங்கள். அரிசிப் பானை பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். இந்த வாரத்தில் ஒரு நாள் வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, பேதி வரும் முன்பே கலக்கிக் காட்டுங்கள்.

அவர்களும் "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். "ஆமா, இவ்வளவுதான்" என்று சொல்லுங்கள்.