மூத்திரப் பையும் மனப்பிரமையும்



மூத்திரப் பையைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசுவதா என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். வெட்கப்பட்டு மூடி வைப்பதால் எந்த நோயும் தீர்ந்து போவதில்லை. ஆதலால் நாம் பேசவே துணிந்தோம்.

மூத்திரப் பையில் நாள்பட்ட வலி என்று ஒரு நோய் இருக்கின்றது. பை நிரம்ப நிரம்ப வலி ஏறும், நீர் கழித்தால் சற்றுத் தணியும், மறுபடியும் ஏறும். இரவில் தூக்கமில்லை. இது ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கே அதிகம். நீரைச் சோதித்தாலோ கிருமி இராது. கிருமியைக் காணாத வைத்தியர்களில் பலர் வெகுகாலம் என்ன சொன்னார்கள்? "உனக்கு நோயே இல்லை, எல்லாம் மனப்பிரமை" என்றார்கள். காரணம் தெரியாதபோது பேய் என்று சொல்லும் பூசாரிக்கும், பிரமை என்று சொல்லும் படிப்பாளிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வைத்தியர் ஹன்னர் என்பவர், இப்படி அவதிப்பட்ட 8 பெண்களின் பையைச் சோதித்து, உட்சுவரில் ஒருவகைப் புண் இருப்பதை 1915-ல் எழுதினார். பிறகு, அந்தப் புண் இல்லாமலும் பலருக்கு இதே வலி இருப்பது தெரிய வந்தது. அப்படியானால் வலி எங்கிருந்து வருகின்றது?

பையின் உட்பக்கத்தை மூடியிருக்கும் சவ்வு சில உயிரணு அடுக்குகளே கனமுள்ளது. மேலடுக்கில் இருப்பவற்றுக்குக் குடை அணுக்கள் என்று பெயர். அவற்றின் மேல் ஓடு வேய்ந்ததுபோல் புரதத் தகடுகளும், அதற்கும் மேல் வழவழப்பான ஒரு பூச்சும் இருக்கின்றன. பை விரிந்தாலும் சுருங்கினாலும் நீர் உள்ளே கசியாமல் காப்பது இவைதான். மூத்திரத்தில் பொட்டாசியம் என்னும் உப்பு இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு உண்டு. காப்பு பழுதானால் அது உள்ளே கசிந்து நரம்புகளைத் தூண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அழற்சியை உண்டாக்கும் அணுக்களும் சிலரிடம் அங்கே பெருகியிருக்கக் காணப்பட்டன.

இன்னொன்றும் உண்டு. இச்சவ்வு வெறுஞ் சுவரல்ல. அது இழுபடும்போது ஏ.டி.பி. என்னும் பொருளை வெளியிட்டு, "பை நிரம்புகிறது" என்று நரம்புக்குச் செய்தி சொல்லுகின்றது. நோயாளிகளின் சவ்விலிருந்து எடுத்த அணுக்களை இழுத்துப் பார்த்தபோது, அவை இப்பொருளை அதிகமாகக் கொட்டின. செய்தியே கூச்சலாக மாறினால் வலியாகாமல் வேறென்னவாகும்?

சவ்வின் பழுதுதான் முதற்காரணமா, அல்லது வேறொன்றின் பலனா என்பது இன்னும் முடிவாகவில்லை. எல்லோருக்கும் ஒரே காரணம் என்றும் சொல்வதற்கில்லை. புண் உள்ளவர்களுக்கு அதைச் சுட்டுவிட்டால் பலருக்கு வலி குறைகின்றது. ஆனால், மறுபடியும் வருவதுண்டு. அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை.

இதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை. "தெரியவில்லை" என்பது அறிவுக்கு இழுக்கல்ல. தெரியாததை மறைக்க நோயாளியைப் பொய்யராக்குவதுதான் இழுக்கு. ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டுப் பெண் வலிக்கிறது என்றால் முதலில் நம்புங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள்.