ஆட்டமே அளவுகோல்

(விளாங்குடியில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புரதம் என்றால் பருப்பு, முட்டை என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். அது நம் உடலைத் தாங்கும் கயிறும்கூட. தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து, அது மூன்று சங்கிலிகள் சேர்ந்து முறுக்கிய அமைப்பு என்று 1954-இல் அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மூன்று புரிக் கயிறு திரிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும்.

அமைப்பு தெரிந்ததும் அடுத்த கேள்வி வருகிறது. ஒற்றைப் புரத இழை எவ்வளவு விறைப்பானது?

விளக்குமாற்று ஈர்க்கையும் பூக்கட்டும் நூலையும் மேசை விளிம்புக்கு வெளியே அரை அடி நீட்டி வையுங்கள். ஈர்க்கு நேராக நிற்கும், நூல் தொங்கிவிடும். புவி இழுக்கிறது, பொருள் எதிர்க்கிறது. எவ்வளவு வளைந்தது என்பதிலிருந்து விறைப்பை அறியலாம்.

நம் தசையில் உள்ள ஆக்டின் இழையிடம் இந்த முறை பலிக்காது. அதன் தடிமன் சுமார் 7 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதன் எடையால் அது வளையப் போவதில்லை. ஆனால் அதை வளைக்க வேறொன்று இருக்கிறது. கூழ்மங்கள் பாடத்தில் பிரௌனியன் இயக்கத்தை நடத்துகிறோம் அல்லவா? நீர் மூலக்கூறுகள் ஓயாமல் மோதுவதால் இழையும் நெளிந்துகொண்டே இருக்கிறது.

1993-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டெஸ், ஹோவர்டு உள்ளிட்ட நால்வர் இந்த நெளிவையே அளவுகோலாக்கினார்கள். இழைக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் அடுத்தடுத்துப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு படத்திலும் இழையின் வளைவை அளந்தார்கள். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் மோதல் தரும் ஆற்றல் எவ்வளவு என்பது இயற்பியலில் தெரிந்த ஒன்று. அந்த ஆற்றலுக்குக் குறைவாக நெளிந்தால் விறைப்பு அதிகம். கூடுதலாக நெளிந்தால் விறைப்பு குறைவு.

அவர்கள் அளந்த ஆக்டின் இழை சுமார் 18 மைக்ரோமீட்டர் தூரம்வரை தன் திசையைப் பெரும்பாலும் காத்துக்கொள்கிறது. செல்லுக்குள் இருக்கும் நுண்குழலுக்கோ அந்தத் தூரம் சுமார் 5 மில்லிமீட்டர், ஏறத்தாழ 300 மடங்கு! நுண்குழலின் விட்டம் 25 நானோமீட்டர். ஒரே பொருளாலான கம்பியின் விட்டத்தை இரட்டித்தால் அது வளைவை எதிர்க்கும் திறன் 16 மடங்காகும். குழல் வடிவமோ மூங்கிலைப் போல, குறைந்த பொருளில் கூடுதல் விறைப்பைத் தருகிறது.

அடுத்த ஆண்டே ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆக்டின் இழையை நுண்ணிய கண்ணாடி ஊசியில் பற்றி நேரடியாக இழுத்துப் பார்த்தார்கள். 1 மைக்ரோமீட்டர் நீள இழையை 1 நானோமீட்டர் நீட்டச் சுமார் 44 பிக்கோநியூட்டன் விசை தேவைப்பட்டது. இழுத்து அளந்ததும் நெளிவைப் பார்த்து அளந்ததும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. இரண்டின்படியும் ஆக்டின், கெட்டியான பிளாஸ்டிக்கைப் போன்ற பொருள்.

இதில் நம் வகுப்பறைக்கு என்ன இருக்கிறது? அந்த ஆய்வில் சராசரி காட்டியது இழையின் இயல்பான வடிவத்தை மட்டுமே. விறைப்பைக் காட்டியது சராசரியிலிருந்து விலகிய அளவுகள். அவற்றிலும் அளப்பவரால் வந்த பிழை எவ்வளவு, இழையின் ஆட்டம் எவ்வளவு என்று பிரித்தே கணக்கிட்டார்கள்.

நம் செய்முறைப் பதிவேடுகளிலோ ஐந்து அளவீடுகளும் அச்சடித்தாற்போல் ஒரே எண்ணாக இருப்பதைப் பார்க்கிறோம். மாறினால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம், பிள்ளைகளை எண்களைத் திருத்த வைக்கிறது. திருத்திய எண்ணில் பாடம் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஒரு சிறு செயல்பாடு சொல்கிறேன். தொடக்கப் பள்ளியிலும் செய்யலாம். ஒரே வேப்பிலையின் நீளத்தைப் பத்துப் பிள்ளைகள் அளக்கட்டும். பிறகு பத்து வேப்பிலைகளை ஒரே பிள்ளை அளக்கட்டும். எண்களை அப்படியே கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதுங்கள். முதல் வரிசையின் வேறுபாடு கையாலும் அளவுகோலாலும் வந்தது. இரண்டாவதில் பெரும்பகுதி இலைகளுடையது. இதைப் பிள்ளைகளே பேசிக் கண்டுபிடிக்கட்டும். மாறுபட்ட எண்ணை எழுதிய பிள்ளையிடம், "தப்பு" என்று சொல்வதற்கு முன் "எப்படி அளந்தாய்?" என்று கேட்போம்.