முதுகுப் பையோடு அயர்லாந்தில்



தோட்டப் பள்ளி ஆசிரியை ஒருத்தி வானொலிக்கு வந்து குடிக்கும் இடங்களைப் பற்றிப் பேசப் போகிறாள் என்றால், வீட்டிலுள்ள பெரியவர்கள் முகம் சுளிக்கக் கூடும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நான் குடிக்கவும் இல்லை, உங்களைக் குடிக்கச் சொல்லவும் வரவில்லை. ஆனால் அயர்லாந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்த வாசலைத் தாண்டாமல் போக முடியாது.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், நானும் என் தோழியும் அங்கே போனோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரே அறையில் படுத்துப் படித்தவர்கள் நாங்கள். நான்கு ஆண்டுகளாக மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைத்துச் சேர்த்த பணம். ஆளுக்கொரு முதுகுப் பை, அவ்வளவுதான். டப்ளின், கால்வே, லிமெரிக், கார்க் என்று நான்கு நகரங்கள். அயர்லாந்து சின்னத் தீவு. டப்ளினில் காலையில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் மறு கரையிலிருக்கும் கால்வேயில் இறங்கிவிடலாம்.

தங்கியதெல்லாம் இளைஞர் விடுதிகளில். இளைஞர் விடுதி என்றுதான் பெயர். நரைத்த தலைகளையும் அங்கே கண்டோம். 1931ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் இதற்கென ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில்கள். பையை வைக்க இரும்புப் பெட்டி உண்டு, பூட்டு நம்முடையதாக இருக்க வேண்டும். இது தெரியாமல் முதல் இரவு இருவரும் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தோம். மறுநாள் முதல் வேலையாகப் பூட்டு வாங்கினோம். சமையலறை எல்லோருக்கும் பொது. ஊரை விட்டுப் போகிறவர்கள் மிஞ்சிய அரிசி, உப்பு, எண்ணெயை ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் சோறும் பருப்பும் வைத்து, கையோடு கொண்டுபோன ஊறுகாயைத் திறந்தபோது, பக்கத்து அடுப்பில் நின்ற பிரேசில் நாட்டுப் பெண் தட்டை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சமைத்தவர் பாத்திரத்தைக் கழுவி வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியும் கழுவாதவர்கள் அங்கேயும் இருந்தார்கள்.

குளிர்காலத்தில் அங்கே மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மழை ஓயாது தூறுகிறது. விடுதி அறையில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? தெருவில் நடந்தால் வெளிச்சமும் கணப்பும் பேச்சொலியும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அதைப் பப் என்கிறார்கள். பொது வீடு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது. பல கடைகளின் முகப்பில் ஒரு குடும்பத்தின் பெயர் எழுதியிருக்கும். முன்பெல்லாம் நாட்டுப்புறங்களில் ஒரு பக்கம் சாராயமும் மறுபக்கம் தேயிலை, சீனியும் ஒரே கடையில் விற்பார்களாம். பிரேதப் பெட்டி ஏற்பாட்டையும் சேர்த்துக் கவனித்த கடைக்காரர்கள் உண்டு. எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்தில்!

"வா, உள்ளே போவோம்" என்றாள் தோழி. என் கால் நகரவில்லை. காரணம் உங்களில் பலருக்குச் சொல்லாமலே விளங்கும். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தது. என் அப்பா நல்லவர். விடியலில் பால் வெட்டப் போனால் நிரையில் ஒரு மரம் விடமாட்டார். சம்பள நாளன்று மட்டும் நேரே வீட்டுக்கு வரமாட்டார். அன்று மாலை அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கள்ளுக்கடை வேலியோரம் நிற்பார். உள்ளே பெண்கள் போகக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை; ஆனாலும் போகமாட்டார்கள். அப்பா வெளியே வரும்போது சட்டைப் பையில் மிஞ்சியதுதான் அந்த மாதத்துக்கு.

"நீ உன் அம்மாவையே நினைத்துக்கொண்டு நிற்கிறாய். மழையில் நனைகிறோம், டீச்சர்" என்று சொல்லி அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

அது டப்ளினில் ஒரு பழைய பப். அங்கேதான் முதன்முதலாக 'ஸ்நக்' என்பதைப் பார்த்தேன். கடைக்குள்ளேயே பலகை அடைத்துக் கதவு வைத்த ஒரு சிற்றறை. அதிலிருந்து கடைக்காரரின் மேசைப் பக்கம் ஒரு சிறு திட்டிவாசல். அந்தக் காலத்தில் பெண்கள் ஆண்களோடு உட்காரக் கூடாது. போனால் இந்தச் சிற்றறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, திட்டிவாசல் வழியாகக் கேட்டு வாங்க வேண்டும். பிற்காலத்திலும் சில கடைகளில் பெண்ணுக்கு முழுக் கோப்பை பீர் ஊற்றித் தரமாட்டார்கள், அரைக் கோப்பைதான். 1970களில் பெண்கள் சிலர் கூட்டமாக ஒரு பப்புக்குள் நுழைந்து, ஆளுக்கொரு பிராந்தியும் கடைசியில் ஒரே ஒரு முழுக் கோப்பை பீரும் கேட்டார்கள். பிராந்தி வந்தது. பீர் தரமுடியாது என்றார் கடைக்காரர். அப்படியானால் பிராந்திக்கும் காசு தரமுடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்! பெண் என்பதற்காக இப்படி மறுக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டில் வந்த சமநிலைச் சட்டம் அங்கே முடிவு கட்டியது.

நாங்கள் அந்தச் சிற்றறையில்தான் உட்கார்ந்தோம். தேநீர் கேட்டோம். கடைப் பெண் புருவத்தைக்கூட உயர்த்தாமல் ஒரு கூஜா நிறையத் தேநீரும் பாலும் கொண்டுவந்து வைத்தாள். பப்பில் தேநீர் கேட்பது அங்கே அதிசயமில்லை. அக்கம்பக்கத்தில் அந்தக் கறுப்பு பீர்தான். நம் நாட்டில் சுங்கைவேயில் 1960களிலிருந்து காய்ச்சப்படும் கின்னஸ் ஸ்டவுட்டின் பிறந்த வீடு டப்ளின். 1759ஆம் ஆண்டில் ஆர்தர் கின்னஸ் அந்த ஆலை இடத்தை 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தாராம். ஆண்டு வாடகை 45 பவுன். இதை என் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் சொன்னபோது, மொத்த வாடகை எவ்வளவு என்று உடனே பெருக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் டப்ளினின் பெரிய வீதியான ஓகானல் தெருவில், இரு கைகளையும் வானுக்கு உயர்த்தி நிற்கும் ஒரு மனிதரின் சிலையைப் பார்த்தோம். ஜேம்ஸ் லார்கின். தொழிற்சங்கத் தலைவர். இவரைப் பற்றி நான் உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

டப்ளின் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் அன்றாடக் கூலிகள். காலையில் கூட்டமாக நிற்பார்கள். ஆள் பிடிக்கும் மேஸ்திரி விரல் நீட்டியவனுக்கு வேலை. வேலை முடிந்தால் கூலி எங்கே கொடுப்பார்கள் தெரியுமா? பப்பில்! வாங்கியவன் அங்கேயே கொஞ்சம் செலவழித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது எழுதாத விதி. சாராயக் கடைகளில் வைத்துக் கூலி கொடுக்கக் கூடாது என்று 1883ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. கூலி பப்பில் இருந்தது. லார்கின் ஒரு சொட்டு மதுவும் தொடாதவர். கூலியைக் கடையில் வைத்துக் கொடுக்காதே என்பது அவருடைய சங்கத்தின் முக்கியமான சண்டைகளில் ஒன்று. 1913ஆம் ஆண்டில் டப்ளின் முதலாளிகள் சங்கத்தை ஒடுக்க ஒன்றுசேர்ந்து, ஏறத்தாழ 20,000 தொழிலாளர்களை வேலைக்கு விடாமல் கதவடைத்ததும் இவருடைய சங்கத்தின் காரணமாகத்தான்.

சிலையின் அடியில் நான் நெடுநேரம் நின்றேன். அப்பாவைக் குறைகூறிக் குறைகூறியே வளர்ந்தவள் நான். கூலி கொடுக்கும் இடத்துக்கும் கூலி கரையும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அதுவரை நான் அளந்து பார்த்ததில்லை. எங்கள் தோட்டத்தில் சம்பளம் போட்ட ஆபீசுக்கும் கள்ளுக்கடைக்கும் நடுவே ஒரு மண் ரோடு. ஐந்து நிமிட நடை.

கால்வேயில் நாங்கள் பார்த்த பப் வேறு விதம். இசைக்கிறவர்களுக்கு மேடை கிடையாது. ஒரு மூலை மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர். பிடில், புல்லாங்குழல், நம் கஞ்சிராவைப் பெரிதாக்கியதுபோல 'பவ்ரான்' என்னும் தோல் வாத்தியம். ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். யாராவது தனியாகப் பாடத் தொடங்கினால் கடையே அடங்கிவிடுகிறது. பேரப்பிள்ளையோடு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணி நெருங்கியதும் பையனுக்குக் குல்லாய் மாட்டிக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். குளிர்காலத்தில் ஒன்பதுக்குமேல் பதினெட்டு வயது நிறையாதவர்கள் பப்பில் இருக்கக் கூடாதென்பது சட்டம். புகையும் கிடையாது. வேலையிடங்கள் அனைத்திலும் புகைபிடிக்க நாடு முழுவதும் தடை போட்ட முதல் நாடு அயர்லாந்து, 2004ஆம் ஆண்டில்.

ஒரு வழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒவ்வொருவரும் முறை வைத்து எல்லோருக்கும் வாங்க வேண்டும். ஒரு கோப்பையோடு எழ நினைத்தவனும் நாலு கோப்பைக்குக் கட்டுப்பட்டுவிடுகிறான். மரியாதை என்ற பெயரில் வரும் இந்தக் கட்டாயம் நமக்குப் புதிதா என்ன?

லிமெரிக்கில் ஒரே இரவுதான், அதுவும் மழையில் போயிற்று. கார்க் நகரின் நடுத்தெருவில் இன்னொரு சிலை: தியோபால்ட் மேத்யூ பாதிரியார். 1838ஆம் ஆண்டில் இந்த ஊரில் மதுவிலக்கு உறுதிமொழியைத் தொடங்கி, நாடெங்கும் லட்சக்கணக்கானவர்களைக் கையெழுத்திட வைத்தவர். அந்தச் சிலைக்கு எதிரிலும் பப்புகள் இருக்கின்றன. குடியின் கேடு அந்நாட்டில் தீர்ந்துபோய்விடவில்லை. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படங்களைக் காட்டினேன். கடலையும் கோட்டையையும் அவர் சரியாகப் பார்க்கவில்லை. அந்தச் சிற்றறைப் படத்தில் மட்டும் விரலை வைத்தார்.

"பொம்பளைங்க இதுக்குள்ளே உட்கார்ந்திருப்பாங்களா?"

"அந்தக் காலத்தில், அம்மா. இப்போது எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்."

"சம்பள நாளில் வாசலில் நின்ற பொம்பளைங்க யாரும் இருந்திருக்க மாட்டாங்களா அங்கே?"

துறைமுகத்துக் கதையைச் சொன்னேன். பப்பில் கூலி கொடுத்ததை, லார்கினை, கதவடைப்பை. அம்மா முழுவதும் கேட்டார். பிறகு, "அந்தச் சிலையை எடுத்த படம் இருந்தா காட்டு" என்றார்.

காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.